பத்தாம் வகுப்பில் 456, காலாண்டில் இயற்பியல் 31: என் மகளுக்கு என்ன ஆயிற்று?

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை ஊரிலுள்ள அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்து, பொதுத்தேர்வில் 500-க்கு 456 எடுத்தவள். டாக்டர் ஆக வேண்டும், இல்லையென்றால் நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "தமிழ்வழியில் படித்தால் கல்லூரியில் திணறிப் போவாள்" என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, வளையல்களை அடகு வைத்துக் கட்டணம் கட்டி, ஜூன் மாதம் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலவழிப் பிளஸ் 1-ல் சேர்த்திருக்கிறார்கள். உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு.

காலாண்டுத் தேர்வில் தமிழ் 91, ஆங்கிலம் 62, கணிதம் 44, உயிரியல் 40, இயற்பியல் 31, வேதியியல் 28. விடைத்தாள்களை மகள் அரிசி டிரம்முக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்ததைத் தாய் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். காலையில் தலைவலி என்கிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை, தோழிகளோடு பேசுவதில்லை. வகுப்பில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதமாம். "வணிகவியல் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள்" என்று வகுப்பாசிரியர் சொல்லிவிட்டார். ஞாபகசக்திக்கு மருந்துக் கடையில் டானிக் வாங்கிக் கொடுத்தும் பலனில்லை. வீட்டில் தமிழ்ப் பத்திரிகையை நிறுத்தியாகிவிட்டது, தொலைக்காட்சியில் ஆங்கிலச் செய்திதான் ஓடுகிறது. "நாங்கள் அவளைக் கெடுத்துவிட்டோமா? பிரிவை மாற்றுவதா, பள்ளியை மாற்றுவதா? பத்து வருடம் அரசுப் பள்ளியில் படித்ததால் டாக்டர் சீட்டில் 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு எப்படியும் உண்டுதானே?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய மதிப்பெண்களை இன்னொரு முறை பாருங்கள். ஆங்கிலப் பாடத்தில் உங்கள் மகள் 62 வாங்கியிருக்கிறாள். அவளுக்கு ஆங்கிலமே தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தமிழில் 91. நினைவாற்றல் குறைந்த பிள்ளை வாங்கும் மதிப்பெண்ணா இது? ஆங்கிலத்தின் வழியாக வரும் பாடங்களில் மட்டும்தான் அவள் சரிந்திருக்கிறாள். டானிக்கை நிறுத்திவிடுங்கள். அது சரிசெய்யக்கூடிய எதுவும் அவளிடம் கெட்டுப்போகவில்லை.

கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ், பேச்சுக்கு வேண்டிய மொழி வேறு, பாடத்துக்கு வேண்டிய மொழி வேறு என்று 1979-லேயே பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் அன்றாடம் பேசிப் பழக ஒரு பிள்ளைக்கு ஓரிரு ஆண்டுகள் போதும், அதே மொழியில் பாடங்களை மற்றப் பிள்ளைகளுக்கு இணையாகக் கற்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம் என்பது அவர் ஆய்வுகள் காட்டியது. குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றிய கணக்கு அது. உங்கள் மகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகச் சிறுவயது முதல் படித்தவள், அவ்வளவு காலம் அவளுக்குத் தேவைப்படாது. ஆனால் நான்கு மாதத்தில் நடந்ததை வைத்து ஒரு பிள்ளையின் அறிவுக்கு முடிவு எழுதிவிட முடியாது. அவளும் அப்படி எழுதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இப்போது நம் பொறுப்பு.

சீருடையும் சீரான வேகமும்

இதே நிலையில் என்னிடம் வந்த ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். இயற்பியல் கணக்கு ஒன்றைக் காட்டி "இதில் எது புரியவில்லை?" என்று கேட்டேன். 'வெலாசிட்டி', 'ஆக்சலரேஷன்' போன்ற பெரிய சொற்களைக் காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவற்றை ஆசிரியர் தினமும் சொல்கிறார், அவை அவனுக்குப் பழகிவிட்டன. அவன் விரல் வைத்தது 'யூனிஃபார்ம்' என்ற சொல்லின் மேல். பள்ளிச் சீருடைக்கு இயற்பியலில் என்ன வேலை என்று அவன் மூன்று மாதமாகக் குழம்பியிருக்கிறான். கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை. சீருடையில் இருக்கிற 'சீர்'தான் சீரான வேகத்திலும் இருக்கிறது, எல்லாருக்கும் ஒரேபோல இருப்பது சீருடை, எல்லா நொடியிலும் ஒரேபோல இருப்பது சீரான வேகம் என்றேன். அவன் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து இந்த மாணவர்களிடம் சிறிய சொற்களைத்தான் முதலில் தேடுகிறேன். 'ரேட் ஆஃப் சேஞ்ச்' என்றால் மாறும் வீதம். நம் வீடுகளில் ரேட் என்றால் விலை. 'பவர்' என்றால் திறன். நமக்கோ அது மூக்குக்கண்ணாடியின் பவர். 'ரெஸ்பெக்டிவ்லி' என்ற சொல்லுக்கு ஒரு பெண் 'மரியாதையாக' என்று பொருள் எழுதி வைத்திருந்தாள். 'முறையே' என்ற ஒரு சொல்லை யாராவது அவளுக்குச் சொல்லியிருந்தால் இரண்டு கணக்குகள் சரியாக வந்திருக்கும். 'இனிஷியலி அட் ரெஸ்ட்' என்பது இன்னொன்று. 'தொடக்கத்தில் ஓய்வு நிலையில்' என்று படிக்கும் பிள்ளை, தொடக்கத் திசைவேகம் சுழியம் என்று உடனே எழுதிவிடும். ஆங்கிலத்தில் அந்த மூன்று சொற்களையும் தாண்டிச் சென்ற பிள்ளை, கணக்கில் ஒரு மதிப்பே கொடுக்கவில்லை என்று நினைத்துப் பக்கத்தைக் காலியாக விட்டுவிடும். திருத்துகிறவருக்கு அது பாடம் தெரியாத பிள்ளையின் தாளாகத்தான் தெரியும்.

வீட்டில் தமிழை நிறுத்தியது தவறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அவளிடம் இருக்கிற சொத்தே தமிழில்தான் இருக்கிறது. 'திசைவேகம்' என்ற சொல்லைப் பாருங்கள். திசையோடு கூடிய வேகம் என்ற வரையறை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. 'சவ்வூடு பரவல்' என்று படித்தவளுக்கு, ஒரு சவ்வின் ஊடாக ஏதோ பரவுகிறது என்பதை யாரும் விளக்கவே வேண்டாம். 'ஆஸ்மாஸிஸ்' என்று மட்டும் படித்த பிள்ளை அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். தமிழில் ஒருமுறை புரிந்தது ஆங்கிலத்துக்குப் போனதும் அழிந்துவிடாது. அதன் மேல் புதுப் பெயரை ஒட்டினால் போதும். பத்திரிகையை மறுபடி வாங்குங்கள். சாப்பிடும்போது அவளோடு தமிழில் பேசுங்கள். உங்களுக்கு வராத ஆங்கிலத்தில் நீங்கள் பேசினால் அவளுக்கு ஆங்கிலம் வராது, அம்மாவோடு பேசுகிற பேச்சுதான் குறைந்துபோகும்.

பிரிவை மாற்றுமுன் ஒரு சோதனை

வகுப்பாசிரியர் சொன்னதைக் கேட்டு அவசரப்பட்டு வணிகவியலுக்கு மாற்றிவிடாதீர்கள். அங்கே கணக்குப்பதிவியலும் பொருளியலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். மொழிச் சிக்கல் அப்படியே கூடவே வரும், மருத்துவத்துக்கும் பி.எஸ்சி. நர்சிங்குக்குமான வாசல் மட்டும் மூடிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலாண்டு இயற்பியல் வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் விட்டுவிட்ட கேள்விகளில் ஐந்தாறை, தமிழ்வழியில் படிக்கும் அவளுடைய பழைய தோழியையோ பழைய பள்ளி ஆசிரியர் ஒருவரையோ கொண்டு தமிழில் எழுதி வாங்குங்கள். அவற்றை அவளிடம் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் தமிழிலேயே விடை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். பாதிக்கு மேல் எழுதிவிட்டால் சிக்கல் மொழிதான், பிரிவை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. தமிழிலும் தடுமாறினால் பாடக்கருத்தே விட்டுப்போயிருக்கிறது. பிளஸ் 1 இயற்பியல் பத்தாம் வகுப்பைவிடப் பெரிய ஏற்றம், தமிழ்வழிப் பிள்ளைகளும் அதில் மூச்சு வாங்குகிறார்கள். அப்போது கருத்தைத் தமிழில் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவரைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்திலேயே நடக்கும் டியூஷனில் சேர்த்தால், பகலில் புரியாதது மாலையிலும் புரியாது, பணம்தான் செலவாகும்.

இரண்டு புத்தகமும் ஒரு நோட்டும்

தமிழ்நாட்டில் மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் இப்போது ஒரே மாநிலப் பாடத்திட்டம்தான். தமிழ்வழி நூலும் ஆங்கிலவழி நூலும் பாடத்துக்குப் பாடம் ஒத்துப்போகும். படம், அட்டவணை, எடுத்துக்காட்டுக் கணக்கு எல்லாம் ஒன்றே. அரசின் பாடநூல் இணையதளத்தில் இரண்டையும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். ஒன்றைத் தொலைத்துவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும் என்று யார் சொன்னது?

நாளை வகுப்பில் நடக்கப்போகிற பகுதியை இன்று இரவு தமிழ் நூலில் படிக்கட்டும். இருபது நிமிடம் போதும். என்ன வரப்போகிறது என்று தெரிந்து உட்கார்ந்தால், ஆங்கிலத்தில் ஆசிரியர் சொல்வது இரண்டாவது முறை கேட்பதுபோல இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் இதை மாற்றிச் செய்கிறார்கள். வகுப்பில் புரியாமல் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தேடுகிறார்கள். அதற்குள் சோர்வும் பயமும் வந்துவிடுகின்றன.

மாலையில் ஆங்கில நூலைத் திறந்து அதே பகுதியைப் படிக்கட்டும். தெரியாத சொற்களை ஒரு நோட்டில் எழுத வேண்டும். கலைச்சொற்களை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளட்டும், தமிழ் நூல் பக்கத்தில் இருப்பதால் அவற்றின் இணை உடனே கிடைத்துவிடும். எதிர்ப்பக்கத்தில் நான் மேலே சொன்ன சிறிய சொற்களைச் சேர்க்கட்டும். 'ஹென்ஸ்' என்றால் எனவே, 'நெக்லெக்ட்' என்றால் புறக்கணி, 'அஸ்யூம்' என்றால் எனக் கொள்க, 'டெரைவ்' என்றால் தருவி. ஒரே சொற்கள் எல்லாப் பாடங்களிலும் திரும்பத் திரும்ப வரும். இந்த எதிர்ப்பக்கச் சொற்கள் நூறு நூற்றைம்பது சேர்ந்தாலே கேள்விகளின் போக்கு பிடிபட்டுவிடும். அந்த நோட்டைக் குடும்பமே மதிக்க வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆங்கிலம் தெரியாததால் உதவ முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தைத்துக்கொண்டிருக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அன்று படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாத இடத்தில் "அது ஏன் அப்படி?" என்று கேளுங்கள். அவளால் உங்களுக்கு விளக்க முடிந்தால் அவளுக்குப் பாடம் புரிந்துவிட்டது. விளக்க முடியாத இடத்தில்தான் அவள் மறுபடி படிக்க வேண்டும். உங்கள் தையல் இயந்திரத்தின் மிதிபலகையை மிதிக்கும்போது சக்கரம் சுழல்கிறதே, திருப்பு விசையை அதைவிட நன்றாக எந்தப் படம் காட்டும்?

பள்ளியை மாற்றுவதா?

நீங்கள் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்பது ஒரு கேள்வி. தமிழ்வழியா ஆங்கிலவழியா என்பது வேறு கேள்வி. ஆங்கிலவழிப் பிரிவு இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளிகள் நிறைய உண்டு.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் உங்கள் எண்ணம் தவறு. கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2020-ல் வந்த அந்தச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் மேல்நிலை வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்ச்சி பெற்றவர்களுக்கே மருத்துவ இடத்தில் முன்னுரிமை தருகிறது. பத்து வரை படித்தால் போதாது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கு 2021-ல் விரிவாக்கப்பட்டதும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத்தான். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் படிப்பு வேண்டும். 2024-க்குப் பிறகு அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவிகளுக்கும் அது உண்டு. இவை பெரும்பாலும் எந்தப் பள்ளி என்பதைப் பொறுத்தவை. மருத்துவ ஒதுக்கீட்டுக்குப் பயிற்று மொழி ஒரு தடையே இல்லை.

பயிற்று மொழியைப் பொறுத்தது வேறொன்று. தமிழக அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த வேலைக்குரிய கல்வித் தகுதிவரை ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4 போன்ற பணிகளுக்கு உங்கள் மகள் ஏற்கெனவே இந்தத் தகுதியைப் பெற்றுவிட்டாள், அது எங்கும் போகாது. ஆங்கிலவழியிலேயே தொடர்ந்தால், பிளஸ் 2-வையோ பட்டப்படிப்பையோ தகுதியாகக் கொண்ட பணிகளுக்கு இந்த முன்னுரிமை கிடைக்காது.

எனவே மருத்துவம்தான் அவள் உறுதியான இலக்கு என்றால், அரசுப் பள்ளிக்குத் திரும்புவதைப் பற்றி இந்த வாரமே விசாரியுங்கள். இடையில் நான்கு மாதம் தனியார் பள்ளியில் படித்ததை ஒதுக்கீட்டுக்கு எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது வாய்வார்த்தை சொன்னால் அதை நம்பி மாறிவிட வேண்டாம். சாதகமான பதில் வந்து, அவளுக்கும் சம்மதம் என்றால், அரசுப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவு அவளுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். பழைய தோழிகளும் தெரிந்த ஆசிரியர்களும் பக்கத்தில் இருப்பார்கள், நான்கு மாதம் பட்ட பாடும் வீணாகாது. தமிழ்வழிக்கே திரும்ப விரும்பினாலும் தடுக்காதீர்கள், அதில் இழிவு ஒன்றும் இல்லை. நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் சேர்ந்தே வரும். ஆனால் 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது தேர்வின் விதி. மருத்துவக் கல்லூரியிலும் பாடம் ஆங்கிலத்தில்தான். அதனால் எந்த வழியில் படித்தாலும் அந்த எதிர்ப்பக்கச் சொற்கள் அவளுக்கு வேண்டும்.

பதில் சாதகமாக இல்லையென்றாலோ நர்சிங் போதும் என்று அவள் சொன்னாலோ, இருக்கிற பள்ளியிலேயே தொடரலாம். 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதால் இந்த ஆண்டு தடுமாறி எழுந்திருக்க அவளுக்கு இடம் இருக்கிறது. அதற்காகப் பிளஸ் 1 பாடத்தைத் தள்ளிவிட்டு நேரே பிளஸ் 2-க்குப் போகும் பள்ளிகளைப் பின்பற்றாதீர்கள். நீட்டில் பாதிக் கேள்விகள் பிளஸ் 1 பாடத்திலிருந்து வருபவை. பிளஸ் 2 பொதுத்தேர்வில் இயற்பியல், வேதியியல் வினாத்தாள்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகின்றன என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். கேள்வி புரியாமல் பக்கத்தைக் காலியாக விட வேண்டிய நிலை அங்கே இருக்காது.

வளையலைப் பற்றி ஒரு வார்த்தை. "உனக்காகத்தான் அடகு வைத்தேன்" என்று அவளிடம் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இனிச் சொல்லாதீர்கள். விடைத்தாளை அவள் டிரம்முக்குப் பின்னால் ஒளித்தது பெரும்பாலும் அந்த வளையலை நினைத்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டிய பணம் போய்விடுமே என்பதற்காக ஒரு பிள்ளையை எந்தப் பள்ளியிலும் வைத்திருக்கக் கூடாது. கட்டண பாக்கியைக் காரணம் காட்டி மாற்றுச் சான்றிதழை நிறுத்திவைக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பயத்தால் கையைக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

பத்து ரூபாய் அபராதம்

ஆங்கிலத்தில் பேசிப் பழகட்டும் என்ற நோக்கத்தில் வைத்திருக்கலாம். ஆனால் சந்தேகம் கேட்க வாய் திறந்தால் பத்து ரூபாய் என்றால், உங்கள் மகளைப் போன்றவர்கள் சந்தேகமே கேட்க மாட்டார்கள். அதைத்தான் நான்கு மாதமாகப் பார்க்கிறீர்கள். நீங்களும் கணவரும் சேர்ந்து தலைமையாசிரியரைப் பாருங்கள். சண்டை வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அரையாண்டு வரை பாடச் சந்தேகங்களைத் தமிழில் கேட்க அனுமதி வேண்டும், தமிழ் நூலை வகுப்பில் பக்கத்தில் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும், அபராதத்தை அவளுக்கு நிறுத்த வேண்டும் என்று மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல ஆசிரியர் ஒருவராவது இதைப் புரிந்துகொள்வார். வகுப்பில் அவமானப்படுத்துவது தொடர்ந்தால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசலாம்.

தலைவலியைச் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள், கரும்பலகையைச் சுளித்துப் பார்த்தாலே தலை வலிக்கும். கண்ணில் குறையில்லை என்றாலோ, தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் சரியாக இல்லை என்றாலோ, அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு மருத்துவரைப் பாருங்கள். "நான் இருந்து என்ன பயன்" என்பதுபோல ஒரு வார்த்தை அவள் வாயில் வந்தால் அன்றே பார்க்க வேண்டும், அவளைத் தனியே விடவும் கூடாது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

இன்று மாலை அவள் வந்ததும், விடைத்தாள்களைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். கோபத்தோடு வேண்டாம், தட்டில் ஏதாவது சூடாக வைத்துக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். பிறகு இருவருமாக அந்த இயற்பியல் தாளை விரித்து, அவள் காலியாக விட்ட முதல் கேள்வியை எடுத்து, அதில் எந்தச் சொல்லில் நின்றுவிட்டாள் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நோட்டின் எதிர்ப்பக்கத்தில் முதல் வரியாக அந்தச் சொல்லை எழுதட்டும்.